கண்ணாடிக்குள் இருக்கும் படங்கள்

முன்னுரை

எங்கள் பேட்டையில் எந்த வீட்டிற்குள் நுழைந்தாலும் முன்னறைச் சுவரில் கண்ணாடி போட்ட படங்கள் நம்மை வரவேற்கும். தாத்தாவும் ஆச்சியும் மணக்கோலத்தில் நிற்கும் படம், பட்டாளத்திற்குப் போன பெரியப்பாவின் படம், அத்தையின் முதல் நற்கருணைப் படம் என வரிசையாக மாட்டியிருப்பார்கள். இவற்றில் பலவற்றிற்கு இன்று நெகட்டிவ் கிடையாது. எடுத்த ஸ்டுடியோவும் மூடப்பட்டிருக்கும். சுவரில் தொங்கும் அந்த ஒரே பிரதியை விட்டால் வேறு பிரதி இல்லை.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டு ஓடியது. எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அரிசியையும் துணிமணியையும் பாத்திரத்தையும் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நனைந்து அழிந்த ஆச்சியின் கல்யாணப் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

எனவே இத்தகைய படங்களுக்கு இன்றே ஒரு நகல் எடுத்து வைப்பது நம் கடமையாகும். கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. ஆயினும் கண்ணாடி போட்ட படத்தின் முன் கைப்பேசியை நீட்டினால், படத்தோடு நம் முகமும் ஜன்னலும் டியூப் லைட்டும் சேர்ந்தே பதிவாகிவிடுகின்றன. இந்த வேண்டாத எதிரொளிப்பை நீக்கும் வழிகளை, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் செய்து பார்த்து இங்கே எழுதியிருக்கிறோம்.

சட்டத்தைப் பிரிக்கலாமா?

"கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்தால் போயிற்று" என்று சிலர் சொல்வர். புதிய படமாயின் அது சரியே. ஆனால் பழைய புகைப்படத் தாளின் மேல் ஜெலட்டின் என்னும் பசைப்பொருள் படலமாகப் பூசப்பட்டிருக்கும். உருவம் தங்கியிருப்பது அந்தப் படலத்தில்தான். ஈரம் பட்டால் அது ஊறிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் இழுத்தால் தாள் நம் கைக்கு வரும். முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஆகவே ஒட்டிக்கொண்ட படத்தை ஒருநாளும் உரிக்கக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்துவிட வேண்டும். கண்ணாடி வழியே படம் எடுக்கக் கற்றுக்கொள்வது இதனாலேயே அவசியமாகிறது.

கண்ணாடி செய்வது என்ன?

சாதாரணக் கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. முன்பக்கத்தில் சுமார் 4 விழுக்காடு, பின்பக்கத்தில் சுமார் 4 விழுக்காடு, ஆக ஏறத்தாழ 8 விழுக்காடு ஒளியையே திருப்பி அனுப்புகிறது. "இவ்வளவுதானா!" என்று நமக்குத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கண்ணாடிக்கு உள்ளேயிருக்கும் பொருளிலிருந்து வரும் ஒளி 100 பங்கு என்க. நம் பக்கத்தில் உள்ள ஜன்னலின் ஒளி அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 1000 பங்கு என்க. அதில் 8 விழுக்காடு 80 பங்கு. உள்ளே இருப்பதற்கு 100, நமக்கு வேண்டாத ஜன்னலுக்கு 80! இரண்டும் ஏறக்குறைய சமமாக மோதுவதால்தான் படம் கெடுகிறது. மாறாக, நம் பக்கத்தின் ஒளி 10 பங்காகக் குறைந்தால் எதிரொளிப்பு ஒரு பங்கைக்கூட எட்டாது. அது நம் கண்ணுக்கே தெரியாது.

இரவில் விளக்கு எரியும் அறையிலிருந்து ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தால் நம் முகமே தெரிவதும், பகலில் அதே கண்ணாடியில் தெரு தெரிவதும் இந்தக் காரணத்தால்தான். கண்ணாடி மாறவில்லை, வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் மாறியது. எனவே நாம் நினைவில் கொள்ள வேண்டிய விதி ஒன்றே: படம் எடுக்கும் பொருளின் பக்கம் வெளிச்சமாகவும், நம் பக்கம் இருட்டாகவும் இருக்க வேண்டும். இனி வரும் வழிகள் எல்லாம் இந்த விதியின் கிளைகளே.

சுவர்ப் படத்திற்கு நகல் எடுக்கும் முறை

முதலில் படத்தைச் சுவரிலிருந்து மெதுவாக இறக்கி, கண்ணாடியின் வெளிப்புறத்தை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். தண்ணீர் தெளிக்கக் கூடாது. அது சட்டத்தின் ஓரமாக உள்ளே இறங்கிவிடும்.

படத்தை மேசை மேல் சுவரோடு சாய்த்து, சாயாமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் படத்தின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழட்டும். ஜன்னல் நமக்குப் பின்னால் இருக்கவே கூடாது. அறையின் விளக்குகளையும் கைப்பேசியின் ஃப்ளாஷையும் அணைத்துவிட வேண்டும். நேராக நின்று ஃப்ளாஷ் அடித்தால் அந்த ஒளி போன வழியே திரும்பி வந்து, ஆச்சியின் முகத்தில் ஒரு வெள்ளைப் பொட்டாக விழும்.

அடுத்தது கறுப்புத் திரை. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று வகுப்பில் படித்தோம் அல்லவா? அந்த விதி இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. லென்ஸ் படத்தின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். லென்ஸிலிருந்து கண்ணாடியின் ஓரத்திற்கு ஒரு கோடு வரையுங்கள். அது அதே கோணத்தில் திரும்பி, லென்ஸ் இருக்கும் தளத்திற்கு வரும்போது, நடுவிலிருந்து இருமடங்கு தூரத்தில் வந்து சேரும். ஆகவே லென்ஸ் இருக்கும் இடத்தில் படத்தைப்போல் இருமடங்கு அகலமும் இருமடங்கு உயரமும் உள்ள கறுப்புத் திரை இருந்தால் போதும். கண்ணாடியில் வேறு எதுவும் தெரியாது. நாம் அருகில் நின்றாலும் தள்ளி நின்றாலும் இந்த இருமடங்குக் கணக்கு மாறுவதில்லை.

இதை நாங்கள் சோதித்தோம். 12 அங்குலமும் 10 அங்குலமும் உள்ள சட்டப் படத்திற்கு 24 அங்குலமும் 20 அங்குலமும் உள்ள திரை வேண்டும். கடையில் விற்கும் ஒரு முழுக் கறுப்புச் சார்ட் அட்டையே அதற்குப் போதுமானதாக இருந்தது. அட்டையின் நடுவில் லென்ஸ் அளவுக்கு ஒரு துளையிட்டு, அதன் பின்னால் கைப்பேசியை வைத்து எடுத்தோம். வெள்ளைச் சீருடையில் நேராக நின்று எடுத்தபோது சீருடை முழுவதும் கண்ணாடியில் தெரிந்தது. அட்டையின் பின்னால் நின்று எடுத்தபோது சேலையின் சரிகைக் கரை வரை தெளிவாக வந்தது! பெரிய படமாயின் இரண்டு தோழியர் ஒரு கறுப்புத் துணியை விரித்துப் பிடித்தால் போதும்.

வெளிச்சம் குறைவாதலால் கை நடுங்கினால் படம் கலங்கும். கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேலோ நாற்காலியின் முதுகிலோ நிறுத்தி, சில வினாடி கழித்து எடுக்கும் டைமரை அமைத்துக்கொள்ளலாம். திரையில் படத்திலுள்ள முகத்தைத் தொட்டுக் காட்டினால், கருவி கண்ணாடித் தூசியை விட்டுவிட்டு முகத்தின்மேல் குவியும்.

ஆதிச்சநல்லூரில் கண்ணாடி

கண்ணாடியின் அடியில் இருப்பதைப் படம் எடுக்க வேண்டிய இடம் ஒன்று நம் தாமிரபரணிக் கரையிலேயே உண்டு. அதுதான் ஆதிச்சநல்லூர். 1876-ல் பெர்லினைச் சேர்ந்த ஜாகோர் அங்கே தோண்டிப் பார்த்தார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாக ஆய்வு செய்து, முதுமக்கள் தாழிகள், வெண்கலப் பொருள்கள், இரும்புக் கருவிகள், பொன் நெற்றிப்பட்டங்கள் ஆகியவற்றைக் கண்டெடுத்தார். 2004-ல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தது. 2023 ஆகஸ்ட் 5-ஆம் நாள் அங்கே தள அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அகழ்ந்த குழிகளின்மேல் கண்ணாடித் தளம் அமைத்திருக்கிறார்கள். நம் முன்னோரின் தாழிகள், கிடைத்த இடத்திலேயே, நம் காலடியில் தெரிகின்றன.

குழி இருள், மேலே வெளிச்சம். நம் கணக்கின்படி இது மிகவும் கடினமான நிலை. நின்றபடி எடுத்தால் கூரையும் நம் உருவமும்தான் விழும். இங்கே திரை விரிக்க இடமில்லை. வேறொரு வழி உண்டு. லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் கொண்டு சென்று, சுற்றிலும் கறுப்புத் துணியால் அல்லது கையால் மூடிவிட வேண்டும். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடையே வெளியொளி நுழைய வழியில்லாதபோது எதிரொளிப்பு எங்கிருந்து வரும்? எந்த அருங்காட்சியகமானாலும் படம் எடுக்கலாமா, கண்ணாடியைத் தொடலாமா என்று பணியாளரிடம் கேட்டு அனுமதி பெற்ற பின்னரே இதைச் செய்ய வேண்டும். ஃப்ளாஷ் கூடவே கூடாது.

இதே முறை ரயிலிலும் பயன்படும். குளிர்சாதனப் பெட்டியின் மூடிய ஜன்னல் வழியே வயலையும் பொதிகை மலையையும் எடுக்க விரும்பினால், கைப்பேசியைக் கண்ணாடியின் அருகே வைத்து, தாவணியாலோ துப்பட்டாவாலோ சுற்றிலும் மறைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணாடியின்மேல் அழுத்திச் சாய்க்கக் கூடாது. ரயிலின் அதிர்வு படத்தைக் கலக்கிவிடும். கெபியின் கண்ணாடிக் கதவுக்குள் இருக்கும் மாதா சுரூபத்தையும், உள்ளே விளக்கு ஏற்றிய மாலை நேரத்தில், வெளிவிளக்கை அணைத்துவிட்டு அழகாக எடுக்கலாம்.

கடலில் ராமன் கண்ட வழி

கண்ணாடியின் அருகே செல்ல முடியாதபோது என்ன செய்வது? அதற்கும் அறிவியல் வழி காட்டுகிறது. 1808-ல் மாலுஸ் என்ற பிரெஞ்சு அறிஞர், பாரிஸ் நகரில் லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை ஒரு படிகத்தின் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பியபோது வெளிச்சம் கூடியும் குறைந்தும் தெரிந்தது. எதிரொளிக்கப்பட்ட ஒளி தளவிளைவு அடைகிறது என்று இதனால் தெரிந்தது. எந்தக் கோணத்தில் அது முழுமையாகிறது என்பதை 1815-ல் புரூஸ்டர் கண்டறிந்தார். கண்ணாடிக்கு அக்கோணம் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 56 பாகை.

1921-ல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிய நம் சர். சி.வி. ராமன் இதையே கடலில் பயன்படுத்தினார். கடல் நீலமாகத் தெரிவது வானம் எதிரொளிப்பதால்தான் என்று அக்காலத்தில் எண்ணினர். ராமன் ஒரு நிக்கல் பட்டகத்தைக் கண்ணருகே வைத்து, உரிய கோணத்தில் நோக்கி, நீரின் மேற்பரப்பில் எதிரொளித்த வானத்தை நீக்கிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது! வேண்டாத ஒளியை விலக்கியதால் உண்மை தெரிந்தது. ஒளிச்சிதறல் பற்றிய அவரது பெரிய ஆராய்ச்சிக்கு அது ஒரு தொடக்கம்.

இன்று போலராய்டு வடிகட்டி அந்தப் பட்டகத்தின் வேலையைச் செய்கிறது. போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்றை லென்ஸின் முன் பிடித்துச் சுழற்றினாலே போதும். கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்போது எதிரொளிப்பு மங்கி மறையும். ஆனால் நேருக்கு நேர் நின்றால் இது பயன்படாது. சுவர்ப் படத்திற்குக் கறுப்பு அட்டையே சிறந்தது.

எதிரொளிக்காத கண்ணாடியையே உண்டாக்கியவர் ஒரு பெண்மணி என்பது நமக்குப் பெருமை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் கேத்தரின் பிளாட்ஜெட். அவர் 1938-ல் கண்ணாடியின்மேல் மிக மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினார். படலத்தின் மேற்பரப்பிலிருந்தும் அடியிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. இன்று காமிரா லென்ஸ்களிலும் மூக்குக்கண்ணாடிகளிலும் உள்ள பூச்சுகள் இதே தத்துவத்தில் வேலை செய்கின்றன.

முடிவுரை

அன்புத் தோழியரே! வரும் விடுமுறையில் ஒரு கறுப்புச் சார்ட் அட்டை வாங்குங்கள். உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எடுக்கும்போது ஆச்சியையும் தாத்தாவையும் அருகில் அமர்த்திக்கொண்டு, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முகம் தெளிவாக இருந்தும் பெயர் தெரியாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது யாரோ ஒருவரின் படமாகிவிடும். நகல்களை ஒரே கைப்பேசியில் வைக்காமல், உறவினர் இருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஸ்டுடியோவில் ஒரு பிரதியும் போட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, சட்டங்கள் ஈரச்சுவரில் தொங்கினால் இன்றே இடம் மாற்றுங்கள். அடுத்த மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வருவதற்குள் இந்த வேலையை நாம் முடித்துவிட வேண்டும்.