பாட்டின் பெயர்ச்சீட்டு

நுழையும்முன்

ஒரு பாடலைக் கேட்க விழைவோர்க்கு இரண்டு செய்திகள் தெரிய வேண்டும். அது எங்கே இருக்கிறது? அதன் பெயர் என்ன? நூலகத்தில் இவற்றை நூலகர் சொல்லிவிடுவார். வீட்டுக் கணினியில் சேர்த்து வைத்த ஆயிரக்கணக்கான பாடல்களைக் கைப்பேசியிலோ தொலைக்காட்சியிலோ கேட்கும்போது, நூலகரின் பணியை மென்பொருள் ஏற்கிறது. அப்பணி நிகழும் முறையையும் அது தவறும் இடங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

அழைப்பும் விடையும்

பாடல்களைச் சேமித்து வைத்து, கேட்கும் கருவிகளுக்கு அனுப்பும் கணினியை ஊடகச் சேவையகம் என்பர். வீட்டு வலையமைப்பில் அது எந்த எண்முகவரியில் இருக்கிறது என்பது இசை இயக்கி மென்பொருளுக்கு முன்கூட்டித் தெரியாது. எனவே தெருமுனையில் நின்று தண்டோரா போடுவதுபோல், அம்மென்பொருள் ஒரு பொது முகவரிக்கு அழைப்பு விடுக்கிறது. 'யூபிஎன்பி' என்னும் நெறிமுறையில் அம்முகவரி 239.255.255.250 ஆகும். 'பாடல் தரும் சேவையகம் இங்கு உண்டா?' என்பதே அழைப்பின் பொருள். அதைப் பெற்ற சேவையகங்கள், தம்மைப் பற்றிய விவரக் குறிப்பு கிடைக்குமிடத்தை விடையாக அனுப்பும். எல்லாம் ஒரே நொடியில் விடையளித்தால் நெரிசல் உண்டாகும். ஆதலால் அழைக்கும் மென்பொருளே ஒரு கால எல்லையைக் குறிப்பிடும். ஒவ்வொரு சேவையகமும் அவ்வெல்லைக்குள் ஏதேனும் ஒரு கணத்தில் விடையிறுக்கும்.

இம்முறையில் ஒரு குறையுண்டு. அழைப்பு போய்ச் சேர்ந்தது என்பதற்கு உறுதியில்லை. கம்பியில்லா வலையமைப்பில் அது வழியிலேயே தொலைவதும் உண்டு. ஒரேயொரு முறை அழைத்து, விடை வராவிடின் 'சேவையகம் இல்லை' என்று காட்டும் மென்பொருள் பயனரை ஏமாற்றுகிறது. இல்லாமை வேறு, கேளாமை வேறு அல்லவா? செம்மையான மென்பொருள் சிறு இடைவெளி விட்டுப் பலமுறை அழைக்கும், அதன்பின்னும் செவிசாய்த்திருக்கும். ஏனெனில் சேவையகங்களும் தம் இருப்பை அவ்வப்போது தாமே அறிவிக்கின்றன.

அவ்வறிவிப்பு எவ்வளவு நேரத்திற்குச் செல்லும் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். 1800 நொடிகள், அதாவது அரைமணி நேரம், வழக்கமான அளவு. முறையாக நிறுத்தப்படும் சேவையகம் விடைபெறும் செய்தியை அனுப்பிவிட்டே செல்லும். மின்சாரம் திடீரென நின்றாலோ அச்செய்தி வராது. ஆளில்லா வீட்டின் பெயர்ப்பலகைபோல் அதன் பெயர் மட்டும் பட்டியலில் தொங்கும். மீண்டு வரும்போது அதன் எண்முகவரி மாறியிருக்கவும் கூடும். ஆகவே முகவரியை விடுத்து, சேவையகத்திற்கே உரிய மாறாத அடையாள எண்ணை நினைவில் கொள்வதே மென்பொருளுக்கு நலம்.

128 பைட்டுகள்

இனிப் பெயர். பாடற்கோப்பில் ஒலியைத் தவிர, அப்பாடலைப் பற்றி அமையும் செய்திகளை மீத்தரவு என்பர். எம்பி3 கோப்பில் இதற்கென முதலில் இடமே இல்லை. 1996இல் எரிக் கெம்ப் என்பவர், கோப்பின் இறுதியில் 128 பைட்டுகளை ஒட்டிவைக்கும் 'ஐடி3' முறையை உருவாக்கினார். தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4 என இடம் பங்கிடப்பட்டது.

தமிழுக்கு இவ்விடம் போதாது. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். 'சிந்துபைரவி' என்பதில் நம் கண்ணுக்கு எழுத்துகள் ஆறு. கணினியோ புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் தனித்தனியே எண்ணுவதால், அதற்குக் குறியீடுகள் பதினொன்று. அதாவது 33 பைட்டுகள். 30க்கு மேல் வெட்டப்பட, பெயர் 'சிந்துபைரவ' என நின்றுவிடும். எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது என்ற குறிப்பும் அம்முறையில் இல்லை. ஆதலால் பழைய டிஸ்கி குறியாக்கத்தில் எழுதிய தமிழ்ப் பெயர்கள், பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளாகத் தோன்றின. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு நீளக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, குறியாக்கத்தைக் குறிப்பிடவும் வழிசெய்தது.

யார் பாட்டு?

இவற்றினும் பெரிய குறை 'கலைஞர்' என்னும் ஒற்றைக் கட்டத்தில் இருந்தது. திரைப்பாடலுக்குப் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் என மூவர் உரியர். ஒரு கட்டத்தில் ஒருவர் நுழைந்தால் மற்ற இருவர் மறைவர். பெரும்பாலும் மறைபவர் பாடலாசிரியரே. இரண்டாம் பதிப்பு மூவர்க்கும் தனித்தனி இடம் தந்தது. ஆயினும் அவ்விடங்களைப் படிக்காத மென்பொருளில், பாடல் எழுதியவர் பெயர் கோப்பில் இருந்தும் திரையில் தோன்றுவதில்லை. பாடலாசிரியர் பெயரால் தேடுவோர்க்கு அப்பாடல் இல்லாததற்கு ஒப்பாகும்.

ஒருவரே பலராவதும் உண்டு. இளையராஜாவின் பெயரை ஆங்கில எழுத்துகளில் பலர் பலவாறு எழுதுவர்; ஓரெழுத்து மாறினாலும் மென்பொருள் வேறொருவராகக் கணக்கிடும். 2000இல் தொடங்கிய மியூசிக்பிரைன்ஸ் என்னும் திறந்த தரவுதளம், கலைஞர் ஒவ்வொருவர்க்கும் தனி அடையாளக் குறியீடு வழங்கி இச்சிக்கலைத் தீர்க்க முனைந்தது. அக்குறியீட்டைக் கோப்பில் எழுதிவிட்டால், பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும் ஆள் ஒருவரே என்பது மென்பொருளுக்கு விளங்கும்.

ஆனால் தரவுதளமும் பிழைக்கு விலக்கன்று. பாடலைக் கேட்பவர் தம் கையால் திருத்திய சரியான பெயரை, இணையத்தில் கிடைத்த தவறான பெயரால் மென்பொருள் அழித்துவிடுவதும் நிகழக்கூடியதே. புதிய செய்தியைத் தனியே வைத்து, பயனரின் இசைவைப் பெற்ற பின்னரே கோப்பில் எழுதுவது இதற்குரிய வழி. தனக்குப் புரியாத கட்டங்களையும் அழிக்காமல், இருந்தவாறே விட்டுவைக்க வேண்டும். பாடலாசிரியர் பெயர் அக்கட்டங்களுள் ஒன்றில் இருக்கக்கூடும்.