பசுக்களில் இளங்கரு அழிவும் அதனைத் தடுக்கும் முறையும்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நகரைச் சூழ்ந்த குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளில் கலப்பினப் பசு வளர்ப்போர், சித்திரை வைகாசியில் சினை ஊசி போட்ட பசு மூன்று வாரத்தில் மீண்டும் பருவத்திற்கு வருகின்றதென்று குறைப்படுவதுண்டு. இரண்டு மூன்று முறை இவ்வாறு நேர்ந்தால், மலடென்று எண்ணி வந்த விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். ஆனால் பல சமயங்களில் அப்பசு மலடன்று. கரு உண்டாகி, வெளிக்குத் தெரியாமலே அழிந்திருக்கக் கூடும்.

ஆரோக்கியமுள்ள பசுக்களுக்குத் தக்க காலத்தில் ஊசி போட்டால் நூற்றுக்கு 80 முதல் 90 வரை கருவுறுகின்றன. கன்று ஈனுவனவோ ஏறக்குறையப் பாதியே. இந்நஷ்டத்தில் பெரும்பகுதி முதல் மூன்று வாரங்களிலேயே நேருகின்றது.

கருவின் செய்தி

முட்டை வெளிப்பட்ட இடத்தில் மஞ்சள் திரள் என்னும் சுரப்பி தோன்றி, கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கின்றது. கரு இல்லையாயின், சுமார் 17ஆம் நாளில் கருப்பை புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை விடுத்து அத்திரளை அழித்துவிடும். பசு 21ஆம் நாளில் பருவத்திற்கு வரும். கரு இருப்பின், அது 15 முதல் 17 நாட்களுக்குள் இன்டர்பெரான் என்னும் பொருளைச் சுரந்து இவ்வழிவைத் தடுக்கின்றது. இன்டர்பெரான் 1957ஆம் வருஷத்தில் வைரஸ் கிருமிகளைத் தடுக்கும் பொருளாகக் கண்டறியப்பட்டது. செம்மறியாட்டுக் கரு அனுப்பும் செய்தியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே என்பது 1987இல் தெளிவாயிற்று. அதாவது, நோயெதிர்ப்புக்குரிய பாஷையிலேயே கரு தன் தாயுடன் பேசுகின்றது.

செய்தி கெடும் விதம்

பசுவின் உடற்சூடு சாதாரணமாகச் சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். ஊசி போட்ட முதல் இரண்டொரு நாட்களில் இது ஒரு டிகிரி உயர்ந்தாலும் கருவிற்கு ஆபத்து. தப்பிய கருவும் நலிவுற்று வளருமாயின் அதன் செய்தி பலவீனமாகும். வெயில், பசி, நெடுவழி ஓட்டுதல் முதலிய துன்பங்களால் கார்ட்டிசால் மிகுந்து, முட்டை வெளிப்படுவதற்குரிய சுரப்புக் குறைகின்றது. மடிநோயிலோ, நோயை எதிர்க்கும் அணுக்கள் விடுக்கும் தூதுப்பொருள்கள் ஜுரத்தை உண்டாக்குவதுடன், புராஸ்டாகிளாண்டினையும் தூண்டிக் கருவைக் கெடுக்கக்கூடும்.

செய்யவேண்டுவன

1. காலையில் பருவம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாட்காலையிலும் ஊசி போடுவித்தல் வேண்டும்.

2. ஊசி போட்டபின் மூன்று வாரங்கள், பகல் 11 மணி முதல் 4 மணி வரை வேம்பு, புங்கு, பலா முதலியவற்றின் நிழலிலோ, காற்றோட்டமுள்ள கீற்றுக் கொட்டகையிலோ பசுவைக் கட்டுக. எந்நேரமும் குளிர்ந்த நீர் இருத்தல் அவசியம்.

3. தீவனத்தைக் காலையிலும் இரவிலும் மிகுதியாக இடுக.

4. மடி இறுகினாலும், பாலில் திரிதிரியாகக் கண்டாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

5. முதல் மாதத்தில் சந்தைக்கு ஓட்டுதலும் லாரியில் ஏற்றுதலும் கூடாது.

6. ஊசி போட்ட தேதியையும் மறுபருவத் தேதியையும் குறித்து வைக்க. 21ஆம் நாளில் திரும்பினால் கருவுறாமலோ, மிக இளமையில் கரு அழிந்தோ இருக்கலாம். 25 நாட்களுக்குப் பின் திரும்பினால் சற்று வளர்ந்த கரு அழிந்ததென்று ஐயுறலாம். மருத்துவருக்கு இக்குறிப்பு பெரிதும் உதவும்.

ஐந்தாம் மாதத்திற்கு மேல் கன்று விசிறுதல் வேறு வகை. அது தொற்றும் புரூசெல்லா நோயாக இருக்கக்கூடுமாதலால், விழுந்ததை வெறுங்கையால் தொடாமல் உடனே மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள், கோடையில் கால்நடைத் தண்ணீர்த் தொட்டிகள் வற்றாதிருக்கும்படி கவனிப்பார்களாக. பசுவை விற்கத் துணியுமுன், நிழலும் நீரும் சிகிச்சையும் அளித்து, மழை கண்டு வெப்பம் தணிந்தபின் மறுமுறை ஊசி போட்டுப் பார்ப்பதே குடியானவர்களுக்கு லாபகரமாகும்.