செவிலியரும் சட்டமும்

திருவள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக வகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து மருந்தை ஆக்கி அளிப்பவன் என்பன அவை. இந்நான்காமவனை அவர் 'உழைச்செல்வான்' என்று குறித்தார். உழை என்பது பக்கம். மருத்துவர் நாளில் ஓரிரு முறை வந்து பார்த்துச் செல்வர்; இரவும் பகலும் நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் செவிலியரே. ஆதலின் அவர்தம் கைப்பிழை நேரே உயிரைத் தாக்கும். இதனாலேயே சட்டம் அவர்கள்மீதும் பொறுப்பைச் சுமத்தியுள்ளது.

ஒருவரை நோயாளியாக ஏற்றுக்கொண்ட அளவிலேயே, அவர்பால் கவனத்துடன் நடந்துகொள்ளும் கடமை பிறந்துவிடுகிறது. அக்கடமையினின்று வழுவி, அவ்வழுவின் காரணமாகவே தீங்கு விளையுமாயின், அதனைக் 'கவனக்குறைவு' என்று சட்டம் கூறும். கடமை, வழு, தீங்கு ஆகிய மூன்றும் சங்கிலிபோல் தொடர்ந்து நிற்றல் வேண்டும்.

இதனை ஒரு வழக்கின் வாயிலாகக் காண்போம். 1993ஆம் ஆண்டின் இறுதியில், வடநாட்டுத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஒரு சிறுவன் குடற்காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்டான். அவனுக்கு உரிய மருந்து குளோரம்பெனிகால். ஊசி போட வந்த செவிலியோ, மலேரியாக் காய்ச்சலுக்குரிய குளோரோகுயின் மருந்தை வாங்கி வருமாறு தந்தையிடம் கூறினார். மகன் பிழைக்க வேண்டுமே என்னும் கவலையில் இருந்த தந்தை, சொன்னதை வாங்கி வந்து கொடுத்தார். மருந்து நரம்பில் ஏற்றப்பட்டது. சிறுவன் துவண்டு வீழ்ந்தான், இதயத்துடிப்பு நின்றது. மருத்துவர்கள் அவன் உயிரை மீட்டனர். மூளையை மீட்க இயலவில்லை. இவ்விரு மருந்துகளின் பெயர்களுக்கும் செவிக்குத் தோன்றும் வேற்றுமை சிறிது. உடலுக்கு நேரும் வேற்றுமையோ பெரிது.

தேசிய நுகர்வோர் ஆணையத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1998இல் முடிவுற்றது. அச்செவிலி உரிய தகுதி பெற்றவரல்லர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அத்தகையவரைப் பணியில் அமர்த்தியது மருத்துவமனையின் தவறு. ஊசியை அவர் கையில் ஒப்படைத்தது மருத்துவரின் தவறு. ஊழியர் பணியின்போது செய்யும் பிழைக்கு, அவரை அமர்த்தியவரும் விடைகூற வேண்டும் என்பது சட்டத்தின் கோட்பாடு. சிறுவனுக்கு 12.5 இலட்சம் ரூபாயும் பெற்றோருக்கு 5 இலட்சம் ரூபாயும் இழப்பீடாக வழங்குமாறு ஆணையம் இட்ட கட்டளையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெற்றோர் பட்ட மனத்துயரையும் கணக்கில் கொண்டது இத்தீர்ப்பின் சிறப்பு.

ஆயினும், நோயாளிக்கு நேரும் ஒவ்வோர் இடருக்கும் மருத்துவரையும் செவிலியரையும் குற்றவாளிகளாக்குதல் முறையன்று. அத்தொழிலில் இயல்பான திறமையுடைய ஒருவர் காட்டும் கவனமே அளவுகோலாகும் என்றும், குற்றவியல் தண்டனை விதிப்பதற்குக் கவனக்குறைவு மிகக் கடியதாக இருத்தல் வேண்டும் என்றும் 2005இல் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. இவ்வரம்பு இல்லையாயின், இக்கட்டான நேரத்தில் நோயாளியைத் தொடுவதற்கே பலர் அஞ்சுவர்.

கவனம் மட்டும் போதாது. நோயாளியின் இசைவும் வேண்டும். ஒரு பெண் நோயறி ஆய்வுக்கென மயக்க மருந்தை ஏற்றுக்கொண்டார். அவர் நினைவிழந்து கிடந்தபொழுது, அருகிலிருந்த தாயாரிடம் இசைவு பெற்று, அவருடைய கருப்பையை நீக்கிவிட்டனர். வயது நிரம்பிய மகள் உணர்வு பெற்றபின் தானே முடிவு செய்யத்தக்கவளாதலின், தாயின் இசைவு செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலந் தாழ்த்தின் உயிர் போகும் என்னும் நிலையில்தான் இவ்விதிக்கு விலக்கு உண்டு. பல மருத்துவமனைகளில் இசைவுத்தாளை நோயாளியிடம் கொண்டுசெல்பவர் செவிலியே. செய்யப்போவது இன்னது என மருத்துவர் விளக்கிக் கூறினாரா என்று வினவி, இல்லையெனின் அவரை அழைத்து வந்து கூறச் செய்த பின்னரே அவர் கையொப்பம் பெறுதல் தகும்.