சாய்தளம் சரியா இருக்கா? வரைபடம் சொல்லும்!

அரசு அலுவலகம், பள்ளி, வங்கி வாசல்களில் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தைப் பார்த்திருப்பீங்க. சில இடங்களில் எளிதாக ஏறலாம். சில இடங்களில் பின்னாலிருந்து ஒருவர் தள்ளினாலும் ஏறுவது கஷ்டம். இதற்குக் காரணம் சாய்வு. பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் படிக்கிறோமே, அதே சாய்வுதான்!

ஒரு வரைபடத்தாளை எடுத்துக்கோங்க. தரைதான் எக்ஸ் அச்சு. வாசற்படியின் செங்குத்து உயரம் ஒய் அச்சு. சாய்தளம் இந்த இரண்டையும் இணைக்கும் நேர்கோடு.

படி 1: கோடு ஒய் அச்சை எங்கே வெட்டுகிறது? (0, 60) என்ற புள்ளியில். ஆகவே ஒய் வெட்டுத்துண்டு 60. அதாவது, வாசலின் உயரம் 60 செ.மீ.

படி 2: எக்ஸ் அச்சை எங்கே வெட்டுகிறது? (720, 0) என்ற புள்ளியில். எக்ஸ் வெட்டுத்துண்டு 720. அதாவது, வாசலிலிருந்து 720 செ.மீ. தள்ளி சாய்தளம் தரையைத் தொடுகிறது.

படி 3: சாய்வு = ஒய் மாற்றம் ÷ எக்ஸ் மாற்றம்
= (0 − 60) ÷ (720 − 0) = −1/12

குறை எண் வந்ததே என்று குழம்ப வேண்டாம். இடமிருந்து வலமாகப் போகும்போது கோடு இறங்குகிறது, அவ்வளவுதான்.

கவனிங்க: இரண்டு அச்சுகளுக்கும் அளவுத்திட்டம் வேறாக இருக்கலாம். கட்டங்களை எண்ணிச் சாய்வு சொன்னால் தப்பாகிவிடும். அச்சில் உள்ள எண்களைத்தான் எடுக்கணும்.

சமன்பாடு: ஒய் = −(1/12) எக்ஸ் + 60. சரிபார்ப்போமா? எக்ஸ் = 360 என்றால் ஒய் = 30. பாதி தூரத்தில் பாதி உயரம். சரிதான்!

பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வழிகாட்டுதல்களில் சாய்தளத்துக்குச் சொல்லப்படும் அளவு 1:12. உயரம் 1 செ.மீ. என்றால் தரையில் 12 செ.மீ. நீளம் வேண்டும். இதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஏறுவது சிரமம், இறங்குவது ஆபத்து.

நீங்களே செய்து பாருங்க: ஒரு வாசலின் உயரம் 45 செ.மீ.; சாய்தளம் தரையைத் தொடும் தூரம் 270 செ.மீ. சாய்வு என்ன?

விடை: −45/270 = −1/6. இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு செங்குத்து! தேவையான தூரம் 45 × 12 = 540 செ.மீ.

அணுகல் வசதி என்பது சலுகை அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தரும் உரிமை. உங்க ஊர் அலுவலகச் சாய்தளத்தை அளந்து பாருங்க. தவறாக இருந்தால் அந்த இரண்டு வெட்டுத்துண்டுகளையும் சாய்வையும் மனுவில் எழுதி, மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்க. “செங்குத்தாக இருக்கிறது” என்பதைவிட “1:6 இருக்கிறது, 1:12 வேண்டும்” என்ற மனுவுக்கு வலு அதிகம்.