வர்த்தமானியில் என்ன இருக்கிறது?

ஒரு புதிய சட்டம் பற்றிய செய்தி எமது கிராமங்களுக்கு எப்படி வந்து சேர்கிறது? பத்திரிகையில் பாதி வாசித்த ஒருவர் தேநீர்க் கடையில் சொல்வார். கேட்டவர் சந்தையில் சொல்வார். பொழுதுபடுவதற்குள் "காணியெல்லாம் போகப்போகுதாம்" என்று ஒரு கதையும், "அது ஒன்றுமில்லையாம்" என்று இன்னொரு கதையும் உலாவும். இரண்டையும் சொன்னவர்கள் மூலத்தாளைக் கண்டிருக்க மாட்டார்கள்.

2025 மார்ச் 28 ஆந் திகதிய 2430 ஆம் இலக்க வர்த்தமானியை எடுத்துக்கொள்வோம். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ் அதில் வெளியான அறிவித்தல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளைப் பற்றியது. உரித்துடையோர் மூன்று மாதத்துக்குள் கோரிக்கை விடுக்க வேண்டும். கோரப்படாதவை அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படலாம் என்பதே அதன் சாரம். இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்களுக்கும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் மூன்று மாதம் எம்மாத்திரம்? பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஜூன் 27 இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றது. ஆனால் அந்த மூன்று மாதமும் வர்த்தமானித் திகதியிலிருந்து ஓடியது, நாம் கேள்விப்பட்ட நாளிலிருந்து அல்ல.

ஆகவே மூலத்தாளைத் தேடப் பழக வேண்டும். சாதாரண வர்த்தமானி வெள்ளிக்கிழமைதோறும் வெளிவருகிறது. காணி அறிவித்தல்கள் அதன் மூன்றாம் பகுதியில் இடம்பெறும். அதிவிசேட வர்த்தமானி எந்நாளிலும் வரலாம். அதன் இலக்கத்தில் ஒரு சாய்கோடு இருக்கும். இரண்டையும் அரசாங்க அச்சகத் திணைக்களம் தனது இணையத்தளத்தில் இலவசமாகவே இடுகிறது. கைத்தொலைபேசி உள்ள ஒரு பிள்ளை வெள்ளி மாலையில் அதைத் திறந்து, எமது பிரதேசத்தின் பெயர் வருகிறதா என்று பார்த்து, தேவையான பக்கத்தைச் சனசமூக நிலையத்தின் பலகையில் ஒட்டலாம். எவராவது "சட்டம் வந்திட்டுது" என்றால் இலக்கம் என்ன, திகதி என்ன, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேட்போம். பதில் இல்லையென்றால் அது இன்னும் கதைதான்.

சட்டமூலத்தையும் சட்டத்தையும் பத்திரிகைகளே குழப்பிவிடுகின்றன. சட்டமூலம் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படும் வரைவு மட்டுமே. அது நிறைவேறி, சபாநாயகர் சான்றுரைத்த பின்னரே சட்டமாகிறது. கையில் உள்ள சட்டம் பின்னர் திருத்தப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய பிரதியை நம்பி அலைந்தவர்கள் எம்மிடையே உண்டு.

மற்றொன்றும் உண்டு. பெரும்பாலான சட்டங்களின் இறுதிப் பிரிவைப் புரட்டினால், சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையில் ஒவ்வாமை ஏற்படுமிடத்துச் சிங்கள உரையே மேலோங்கும் என்றிருக்கும். எமக்கு இது கசப்பானதே. ஆயினும் தமிழ் வாசகம் தெளிவில்லாத இடத்தில் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் அதே பிரிவைக் காட்டிக் கேட்பது புத்தி. நீதிமன்றங்களை அண்டியுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகங்களில், வசதி குறைந்தோர் ஆலோசனை பெறலாம்.

அலுவலகக் கோவையில் உள்ள விடயத்தை அறிய 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்திலுள்ள தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். காரணம் கூறத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் அதை எழுத்தில் பதிய வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தரப்பட வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் இந்த வழி மெதுவானது; வர்த்தமானியின் தவணை இதற்காகக் காத்திருக்காது. எனவே கோரிக்கையை முதலில் ஒப்படைத்து, திகதி முத்திரையிட்ட பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டு, விண்ணப்பத்தைப் பிறகு எழுதுவோம்.