ரொறன்ரோவில் பிறந்த கணினி

கேள்வி: மார்ச் விடுமுறையில் என் மகனுக்குக் கணினியின் வரலாற்றைக் காட்ட விரும்புகிறேன். ரொறன்ரோவில் அதற்கென்று அருங்காட்சியகம் இருக்கிறதா? — ஒரு வாசகி, வோபர்ன்

பதில்: இருக்கிறது, சகோதரி. யோர்க் பல்கலைக்கழகத்தின் கணினி அருங்காட்சியகம். கனடாவில் உருவான கணினிகளைத் தேடிச் சேர்ப்பதே அதன் முக்கியப் பணி. போவதற்கு முன் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். வோபர்னிலிருந்து பஸ்ஸில் கென்னடி நிலையம். அங்கிருந்து சுரங்க ரயிலில் சென்ட் ஜோர்ஜ் போய், வடக்கே போகும் ரயிலுக்கு மாறினால் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இறங்கலாம்.

எம்சிஎம்/70 என்ற கணினியைப் பற்றி மகனுக்கு அவசியம் சொல்லுங்கள். மெர்ஸ் குட் என்பவர் தொடங்கிய ரொறன்ரோ நிறுவனம் 1973 செப்டம்பரில் அதை அறிமுகப்படுத்தியது. ஆப்பிள் 2 வந்ததோ 1977இல்! எம்சிஎம்/70இல் இருந்தவை: இன்டெல் 8008 சில்லு, ஏபிஎல் என்ற நிரல்மொழி, தரவைச் சேமிக்கக் கேசட் நாடா. திரையில் ஒரே ஒரு வரிதான் தெரியும். மின்சாரம் நின்றாலும் வேலை அழியாதிருக்க உள்ளேயே பேட்டரி வைத்திருந்தார்கள். ஒருவர் தனக்கென்று மேசையில் வைத்துக்கொள்ளும் கணினியைச் செய்வதில் உலகின் முன்னோடிகளில் ஒன்று இந்த நகரம். இங்கே வளரும் நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாதது எனக்கு மெய்யாகவே வருத்தம்.

போகும் வழியில் ஃபெருட் கதையையும் சொல்லலாம். 1952இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு இங்கிலாந்திலிருந்து வந்த கணினி அது. பெயர் வைத்தவர் பீட்ரிஸ் வோர்ஸ்லி என்ற பெண் கணினியியலாளர். சென்ட் லோரன்ஸ் கடல்வழித் திட்டத்துக்கான நீர்மட்டக் கணக்குகளை அதில்தான் போட்டார்கள்.