'மைன்' என்னும் சொல்

ஆங்கிலத்தில் பௌத்த நூல் பயிலும் நம் சங்கத்து அன்பர்கட்கு, அதிலும் தங்கவயலில் பிறந்தவர்கட்கு, 'மைன்' என்னும் சொல் சற்றே மயக்கந் தரும். இவ்வூரில் அச்சொல்லைக் கேட்டவுடன் நினைவில் எழுவது சுரங்கமே. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்து சென்ற சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பாட்டனும் தந்தையும் இறங்கிய குடும்பத்தார்க்கு வேறு பொருள் தோன்றாமை இயல்பு. ஆயினும் அதே எழுத்தும் அதே ஒலியும் கொண்டு 'என்னுடையது' என்னும் பொருளும் அதற்கு உண்டு. கண்ணிவெடிக்கும் அதுவே பெயர்.

எதனைக் கொண்டு பொருள் துணிவது? முன்னர் 'எ' அல்லது 'தி' நிற்குமாயின் அது பெயர்ச்சொல். சுரங்கமோ கண்ணிவெடியோ என்பதை உடன்வரும் சொற்கள் காட்டும். 'டு' முன்வரின் தோண்டியெடுத்தல் என்னும் வினை. 'திஸ் ஈஸ் நாட் மைன்' என, அவை ஏதுமின்றி இறுதியில் தனித்து நிற்பின், 'இது என்னுடையதன்று' என்றே கொள்க. பாலியில் இம்மயக்கம் இல்லை. 'மம' என்பது என்னுடைய; சுரங்கத்துக்கு 'ஆகர' என வேறு சொல் உண்டு.

சொற்பொருள் விளங்கிய பின்னரும் ஓர் ஐயம் எஞ்சும், அதுவே பெரிது. 'என்னுடையதன்று' எனப் பகவன் எதனைக் கூறினார்? அனத்தலக்கண சூத்திரத்தில் ஐந்து துறவிகட்கு உரைத்தபோது, உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களையே சுட்டினார். உடல் என்னுடையதாயின், 'இவ்வாறு இரு' என அதற்கு ஆணையிட இயலவேண்டும், இயலவில்லை. கற்றூசி படிந்து இறுகிய நுரையீரல் எவருடைய ஆணைக்கும் இளகியதில்லை. சுரங்கத் தொழிலாளர்க்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் தமக்குச் சேரவேண்டியதைக் கேட்ட தொழிலாளியிடம், 'பௌத்தன் எதனையும் என்னுடையது என்னலாகாது' என ஒருவர் சொல்வாராயின், அவர் சொல்லை அது நின்ற இடத்தினின்று பெயர்த்தெடுத்தவர் ஆவார். பகவனே சிகாலோவாத சூத்திரத்தில் வேலை கொள்வோன் கடமைகளை எண்ணிக் கூறியிருக்கிறார்: வலிமைக்கேற்ற வேலை, உணவும் ஊதியமும், நோயுற்றகாலைப் பராமரிப்பு, சுவையான உணவில் பங்கு, உரிய காலத்தில் ஓய்வு. ஈண்டு ஊதியம் என்பது கொடுப்போனுடைய கருணையன்று, கடன். உழைத்தவன் அதனைக் கேட்பதை அச்சூத்திரம் எவ்விடத்தும் தடுக்கவில்லை.